காலையில் மடங்காத விரல்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் அம்மா, அக்கா, தங்கச்சி, மனைவி யாராவது இருந்தால் பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு முழுக்க வாசியுங்கள்.

நம்முடைய பக்கத்தில் ஒரு பெண் "கை வலிக்குது, விரல் மடங்கல, உடம்பெல்லாம் அசதி" என்று சொன்னால் நான்கு பதில்கள் தயாராக இருக்கும். குளிர். கொழுந்து பறிக்கிற கை. யாரோ செய்து வைத்தது. நாலாவது, முகத்துக்கு நேரே சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் சொல்வது: சோம்பல். பதினைந்து வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இன்னொரு பதில் தெரியும். அது பாடப்புத்தகத்தில் இரண்டு வெவ்வேறு அலகுகளில் பிரிந்து கிடக்கிறது. ஒன்று நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு. மற்றது ஹோர்மோன்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நேரமும் இல்லை, பாடத்திட்டத்தில் இடமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை முதலாம் பாடவேளை முடிகிற நேரத்தில்தான் வருவாள். கெட்டிக்காரி. வருகைப் பதிவேட்டில் மட்டும் சிவப்பு மை. ஒருநாள் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மாவுக்குத் தலை பின்னி, கூடைக் கயிறு மாட்டிவிட்டு, ரொட்டிக்கு மா பிசைஞ்சு வச்சிட்டு வர்றேன் டீச்சர். அம்மாவால காலைல பிசைய முடியாது" என்றாள். பிறகு அந்த அம்மாவே பெற்றோர் கூட்டத்துக்கு வந்தார். வயது 40 கூட இராது. விரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. "பத்து மணிக்கு மேல வெரல் வந்துரும் டீச்சர். ஆனா மொத நெறுவைக்கு அது ஒதவாது. அரைப்பேருதான் விழும்" என்றார். கடைசிப் பிள்ளை பிறந்து மூன்று மாதத்தில் தொடங்கியதாம். இரண்டு வருடமாகப் பனடோல். ஓரிடத்தில் காட்டியபோது, "குளிர்தான், கம்பளியைப் போர்த்திக்கொள்" என்று அனுப்பிவிட்டார்கள். மலையில் "பசப்புறா" என்று பேசினார்களாம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும்தான் அவருக்குக் கண் கலங்கியது. வலியைச் சொல்லும்போது கலங்கவில்லை.

குளிர்தான் காரணம் என்றால் ஒரு கேள்வி வருகிறது. அதே லயத்தில், அதே பனியில், அதே தகரத்துக்குக் கீழேதான் ஆண்களும் படுக்கிறார்கள். அப்படியிருக்க மூட்டுவாதம் என்று நாம் சொல்கிற இந்த நோய் உலகம் முழுக்க ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது ஏன்? கொழுந்து பறிப்பதுதான் காரணம் என்றால், தேயிலைச் செடியையே காணாத ஊர்களில் வங்கியில் வேலை செய்கிற பெண்களுக்கும் வருகிறதே? குளிர் வலியைக் கூட்டும், வேலை வலியைக் கூட்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் நோயைத் தொடக்கி வைப்பது வேறு.

இது நம்முடைய உடலின் காவல்காரர்களே நம்மைத் தாக்குகிற நோய். கிருமி வந்தால் அடிக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள், மூட்டின் உள்சவ்வை எதிரி என்று நினைத்து அடிக்கின்றன. இதே வகையில் இன்னும் பல நோய்கள் உண்டு. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைத் தாக்குவது ஒன்று. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கும் லூபஸ் இன்னொன்று. இந்தக் குடும்பத்து நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பேர் பெண்கள். லூபஸில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ தைரொயிட் நோயொன்றை முதன்முதலாக விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. அன்று அவர் எழுதிய நோயாளிகள் நாலு பேர். நாலு பேரும் பெண்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகளில் லூபஸ் வந்தால் ஆண், பெண் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. பெண் பிள்ளை பெரியவளான பிறகுதான் இடைவெளி விரிகிறது. மாதவிடாய் நின்ற பிறகு புதிதாக வருகிறவர்களில் அது மறுபடி குறைகிறது. ஆகவே பூப்புக்கும் மாதவிடாய் நிற்பதற்கும் இடையில் உடலில் ஓடுகிற ஏதோ ஒன்று இதில் கைவைக்கிறது. அந்த ஒன்றில் பெரும்பங்கு பாலியல் ஹோர்மோன்களுக்கு.

இதைப் புரிந்துகொள்ள நெஞ்சுக்குள்ளே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும்.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்று ஒரு சிறு உறுப்பு உண்டு. நீண்டகாலமாக அதற்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1961-ல் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் தைமஸை அகற்றிய எலிக்குஞ்சுகள் நோயை எதிர்க்க முடியாமல் இறப்பதைக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது, காவல் கலங்களில் ஒரு முக்கியமான வகை அங்கேதான் பயிற்சி பெறுகிறது என்று. அவற்றுக்கு டீ-கலங்கள் என்று பெயர். வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த 'டீ' கொழுந்திலிருந்து வந்ததல்ல, தைமஸின் ஆங்கில முதலெழுத்து என்று சொல்லிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

என்பு மச்சையில் பிறந்து தைமஸுக்கு வருகிற இந்தக் கலங்களுக்கு அங்கே இரண்டு பரீட்சை. முதலாவது, உன்னால் அடையாளம் காண முடிகிறதா? முடியாதது அங்கேயே இறந்துபோகும். இரண்டாவது, சொந்த வீட்டுக்காரரைக் கண்டால் அடிப்பாயா? அடிக்கிற கலத்தைப் பெரும்பாலும் அங்கேயே அழித்துவிடுவார்கள். நூறு கலம் உள்ளே போனால் ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. நம்முடைய புலமைப்பரிசில் பரீட்சை இதன் முன்னால் ஒன்றுமேயில்லை.

இரண்டாவது பரீட்சைக்கு ஒரு சிக்கல் உண்டு. தைமஸ் இருப்பது நெஞ்சில். தைரொயிட் இருப்பது கழுத்தில். சதையி இருப்பது வயிற்றில். அங்கே உள்ள புரதங்களை நெஞ்சுக்குள் இருக்கிற மாணவனுக்கு எப்படிக் காட்டுவது? இதற்காகத் தைமஸில் 'எயார்' என்றொரு புரதம் வேலை செய்கிறது. உடம்பின் பல உறுப்புகளில் மட்டுமே இருக்க வேண்டிய புரதங்களின் மாதிரிகளைத் தைமஸுக்குள்ளேயே உண்டாக்கி, "இது உன் வீட்டுத் தைரொயிட், இதை அடிக்காதே" என்று காட்டுகிற ஆசிரியர் அது. எயார் நன்றாக வேலை செய்தால் சொந்த உறுப்பைத் தாக்குகிற கலம் பிடிபட்டுவிடும். எயார் குறைந்தால் சில கலங்கள் பிடிபடாமல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

இங்கேதான் ஹோர்மோன் உள்ளே வருகிறது. 2016-ல் பிரான்சில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே ஆய்வுகளை வெளியிட்டன. பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் தைமஸில் எயாரின் அளவைக் குறைக்கிறது என்று ஒன்று காட்டியது. ஆண் ஹோர்மோன்கள் அதைக் கூட்டுகின்றன என்று மற்றது காட்டியது. சோதனைகளில் பெரும்பகுதி எலிகளில் நடந்தது. மனிதத் தைமஸ் இழையத்திலும் பார்த்தார்கள். அதாவது ஒரே பள்ளிக்கூடம், ஒரே பரீட்சை. பருவ வயது வந்த பிறகு பெண் உடலில் இரண்டாவது வினாத்தாள் கொஞ்சம் இலகுவாகிவிடுகிறது.

தைமஸுக்கும் பாலியல் ஹோர்மோன்களுக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய செய்தியும் அல்ல. 1904-லேயே ஹென்டர்சன் என்பவர், காயடித்த மாடுகளின் தைமஸ் காயடிக்காதவற்றின் தைமஸைவிடப் பெரிதாகவும் நீண்டகாலம் சுருங்காமலும் இருப்பதை எழுதி வைத்தார். மனிதரிலும் குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் தைமஸ், பூப்புக்குப் பிறகு வேகமாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறுகிறது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

டீ-கலங்களைப் போலவே இன்னொரு வகை உண்டு, பீ-கலங்கள். பிறபொருளெதிரிகளைச் செய்கிறவை இவைதான். சொந்த உடலுக்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்யப் பார்க்கும் பீ-கலங்கள் வளரும்போதே வடிகட்டப்பட வேண்டும். 2000-ல் நியூயோர்க்கில் பெட்டி டயமண்டின் குழு, ஈஸ்ட்ரஜன் கொடுத்த எலிகளில் அப்படிப்பட்ட பீ-கலங்கள் சாகாமல் தப்பிப் பிழைப்பதைக் காட்டியது. ஆண் ஹோர்மோன் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. பீ-கலங்களை உயிரோடு வைத்திருக்க உதவும் 'பாஃப்' என்ற புரதமொன்று உண்டு. டெஸ்டஸ்டெரோன் குறைவாக உள்ள ஆண்களின் குருதியில் பாஃப் கூடுதலாக இருப்பதை 2018-ல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டார்கள். டெஸ்டஸ்டெரோன் ஒரு பிரேக். ஈஸ்ட்ரஜன், அளவைப் பொறுத்து, பல இடங்களில் அக்சிலரேட்டர்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு "அப்படியென்றால் பெண் உடம்பு பலவீனமானது" என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்னால் அடுத்த பந்தியையும் வாசியுங்கள்.

அதே அக்சிலரேட்டர்தான் பெண்ணைக் காப்பாற்றுவதும். பல தடுப்பூசிகளுக்குப் பெண்களின் உடல் ஆண்களைவிட அதிகம் பிறபொருளெதிரி செய்கிறது. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இன்புளுவென்சா தடுப்பூசிக்கு மிகக் குறைவாகப் பதில் கொடுத்தவர்கள் டெஸ்டஸ்டெரோன் அதிகமாக உள்ள ஆண்கள். கொரோனா காலத்தை நாம் மறக்கவில்லை. உலகின் பெரும்பாலான நாடுகளில் பெண்களைவிட ஆண்களே அதில் அதிகம் இறந்தார்கள். அதற்குப் புகைத்தல், வேறு நோய்கள் என்று பல காரணங்கள் உண்டு. எதிர்ப்புக் கலங்களின் வேறுபாடும் அவற்றில் ஒன்று. கருவிலும் மடியிலும் பிள்ளையைச் சுமக்கிறவள் உறுதியாகக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. தாய்ப்பாலில் பிள்ளைக்குப் போகிற பிறபொருளெதிரி அவள் செய்தது. கூர்மையான கத்தி வைத்திருக்கிற வீட்டில் எப்போதாவது விரல் வெட்டுப்படும். அதற்காகக் கத்தியைப் பலவீனம் என்று யாரும் சொல்வதில்லை.

கர்ப்ப காலம் இந்தக் கதையில் விசித்திரமான ஓர் இடம். 1930களில் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்தார்: மூட்டுவாதம் உள்ள பெண்கள் பலருக்குக் கர்ப்பமாக இருக்கும்போது வலி குறைகிறது, பிள்ளை பிறந்து சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் மிக அதிகம்தானே, அப்படியானால் நோய் கூட வேண்டுமே? அதுதான் ஹோர்மோனின் சூட்சுமம். குறைந்த அளவில் ஒரு வேலை, மிக உயர்ந்த அளவில் வேறு வேலை. பாதி அப்பாவுடையதான ஒரு சிசுவை அம்மாவின் காவல் கலங்கள் அந்நியன் என்று தாக்கிவிடக் கூடாது. அதனால் கர்ப்ப காலத்தில் பல ஹோர்மோன்கள் சேர்ந்து மூட்டைத் தாக்கும் வகைக் கலங்களை அடக்குகின்றன. காவலரையே காவல் காக்கும் ஒழுங்குபடுத்தும் டீ-கலங்கள் பெருகுகின்றன. நம் பாசையில் சொன்னால் வகுப்பை அமைதிப்படுத்தும் மாணவத் தலைவர்கள். இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் 2025-ல் ஷிமோன் சககூச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளை பிறந்ததும் ஹோர்மோன் அளவு ஒரேயடியாக விழுகிறது. அடக்கி வைத்த கை எடுபடுகிறது. மாறாக லூபஸ் சிலருக்குக் கர்ப்பத்திலேயே கூடலாம். அதனால் லூபஸ் உள்ளவர்கள் கர்ப்பமாகும் முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும்.

ஹென்ச் அந்தக் கேள்வியை விடவில்லை. கர்ப்பத்தில் வலியைக் குறைக்கும் பொருள் எது என்ற தேடல், 1948-ல் மூட்டுவாத நோயாளிக்குக் கோர்ட்டிசோன் கொடுத்துப் பார்ப்பதில் போய் முடிந்தது. 1950-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. ஒரு பெண் "மாசமா இருக்கும்போது வலி இல்ல டாக்டர்" என்று சொன்னதைப் பசப்பு என்று தள்ளாமல் ஒருவர் காதுகொடுத்துக் கேட்டதால் உலகத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது. எங்கள் பிள்ளையின் அம்மா "கடைசிப் புள்ள பொறந்து மூணு மாசத்துல" என்று சொன்னது சும்மா பேச்சு இல்லை. அது நோயின் முகவரி.

எல்லாப் பழியையும் ஹோர்மோன் மேல் போடவும் கூடாது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். எதிர்ப்புச் சக்தி தொடர்பான பரம்பரையலகுகள் பல எக்ஸில்தான் இருக்கின்றன. ஒரு எக்ஸ் பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும், ஆனால் சில அலகுகள் உறங்குவதில்லை. ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கிற ஆண்கள் உண்டு. அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடச் சுமார் 14 மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். அவர்களும் ஆண்கள்தான், ஈஸ்ட்ரஜன் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பரம்பரை, கிருமித் தொற்று, புகைத்தல், வெயில், உணவு எல்லாம் சேர்ந்துதான் நோய். விதை ஒன்று, மண் ஒன்று, மழை ஒன்று.

உணவு என்றதும் நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இலங்கையில் கழுத்துக் கழலை நிறைய. அயடின் போதாமைதான் காரணம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து நாட்டின் உப்பில் அயடின் சேர்க்கப்படுகிறது. அதற்குப் பிறகு 11 முதல் 16 வயது வரையான இலங்கைப் பாடசாலை மாணவியரை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. தைரொயிட் புரதம் ஒன்றுக்கு எதிரான பிறபொருளெதிரி 11 வயதுப் பிள்ளைகளில் ஏழில் ஒருவரிடம் இருந்தது. 16 வயதில் பத்தில் ஏழு பேரிடம். ஆய்வாளர்கள் அயடின் மீதுதான் சந்தேகப்பட்டார்கள். அந்த ஆய்வில் ஆண் பிள்ளைகள் இல்லை. ஆகவே இது ஹோர்மோனால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. சில வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தபோது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. அதனால் யாரும் அயடின் உப்பை நிறுத்திவிடாதீர்கள், கழலை திரும்பி வந்துவிடும். குருதியில் பிறபொருளெதிரி இருந்தாலே நோய் என்றும் அர்த்தமில்லை. ஆனால் ஒரு விஞ்ஞான டீச்சராக அந்த ஆய்வு எனக்குச் சொல்வது ஒன்று உண்டு: எதிர்ப்புக் கலங்கள் அமைதியாக இருக்கின்றனவா, குழம்புகின்றனவா என்பது என் வகுப்பறையில், தரம் 6-க்கும் 11-க்கும் இடையில், ஒரு சத்தமும் இல்லாமல் நடக்கிற விசயம்.

எனக்கும் தைரொயிட் உண்டு. சுபஹுத் தொழுகை முடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்னக் குளிசை, அரை மணி நேரம் கழித்துத்தான் பிளேன்டீ. அந்த அரை மணி நேரம்தான் என் நாளின் நீண்ட நேரம்! நோன்பு காலத்தில் எப்போது எடுப்பது என்று வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்கிறேன். நோய் என்று தெரிவதற்கு முன்பு, "டீச்சர் இப்ப முன்ன மாதிரி இல்ல, எப்பவும் தூக்கம்" என்று பேசினார்கள். சம்பளம் மாதம் மாதம் வருகிற எனக்கே அது வலித்தது. ஒரு நாள் பேர் விழாவிட்டால் அந்த நாள் சோறு குறைகிற ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்?

இனி பயன்படக்கூடிய விசயங்கள்.

வேலையால் வரும் கைவலி பொதுவாகச் சாயங்காலம் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். எதிர்ப்புக் கலங்கள் தாக்குவதால் வரும் வலி காலையில் கூடும். விரல்கள் விறைத்திருக்கும். அந்த விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். கை ஓடியாட ஓடியாட இளகும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் குளிர் என்று விட்டுவிடாதீர்கள்.

கன்னங்களிலும் மூக்கிலும் வண்ணத்துப்பூச்சி விரித்த மாதிரிச் சிவப்பு, வெயில் பட்டால் கூடுவது, வாய்ப்புண், முடி கொட்டுதல், காரணமில்லாத காய்ச்சல், கால் வீக்கம். இவற்றில் சில சேர்ந்து வந்தால் லூபஸா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். உயரம் கூடினால் புறஊதாக் கதிரும் கூடும். குளிராக இருக்கிறது, வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். லூபஸ் உள்ளவர் மலையில் நிற்கும்போது தலைத்துண்டு முகத்தையும் மறைக்கட்டும்.

தீராத அசதி, உடல் பருத்தல், மலச்சிக்கல், மாதவிடாய் அதிகமாகப் போதல், மற்றவர்களுக்கு இல்லாத குளிர்: தைரொயிட் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு குருதிச் சோதனைதான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். மூட்டுவாத கிளினிக்குக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவம் இலவசம். பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகும், தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே மருந்து தொடங்கினால் விரல் கோணிப்போகாமல் காப்பாற்றலாம். கோணிய விரலை மருந்து நிமிர்த்தாது.

மருந்து விசயத்தில் மூன்று எச்சரிக்கை. ஒன்று: மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் குளிசை. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருந்தாலோ கர்ப்பமாக நினைத்தாலோ அதை எடுக்கவே கூடாது, முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டு: ஸ்டீரொயிட் குளிசையைச் சுகமாகிவிட்டது என்று சட்டென நிறுத்தாதீர்கள். மூன்று: ஃபார்மசியில் வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள், வயிறும் சிறுநீரகமும் தாங்காது.

அந்தப் பிள்ளையின் அம்மா கண்டியில் கிளினிக் போகிறார். கிளினிக் கொப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பெட்டிக்கு மேல் வைத்திருக்கிறார். வாரக் குளிசை வெள்ளிக்கிழமை. மகள் கலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள். நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. மழை நாட்களில் இன்னும் விரல் மக்கர் பண்ணும். ஆனால் முதல் நிறுவைக்கு இப்போது கூடை பாதிக்கு மேல் நிறைகிறதாம். மகள் முதல் மணிக்கே வகுப்பில் இருக்கிறாள். அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "என் பேரப் போடாதீங்க டீச்சர், ஆனா பசப்பு இல்லேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். கணவனாக, மகனாக, கங்காணியாக, கணக்கப்பிள்ளையாக, கடை முதலாளியாக இருக்கிற நீங்கள், ஒரு பெண் காலையில் கை வரவில்லை என்று சொன்னால் "எத்தனை நாளா? காலையிலயா சாயங்காலமா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வைத்தியரும் அந்தக் கேள்விகளோடுதான் தொடங்குவார். ரொட்டிக்கு மா பிசைய ஆண்களின் கைக்கும் தெரியும்.

வகுப்பில் இதைச் சொன்னபோது கடைசி வாங்கில் இருக்கும் பையன் ஒருவன் கேட்டான், "அப்ப ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வராதா டீச்சர்?" வரும் மகன். குறைவாக வரும். வந்தால் வெட்கப்பட்டு மறைப்பதால் தாமதமாகத்தான் தெரியவரும். "பொம்பளைங்க நோய்" என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தால் இரண்டு பக்கமும் நட்டம்: பெண்ணை நம்ப மாட்டார்கள், ஆண் சொல்ல மாட்டான்.

உங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் இந்தப் பதிவைப் போடுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைப் பற்றிய கேள்வியை மட்டும் கிளினிக்கில் கேளுங்கள்.